கொசஸ்தலை ஓரம் நான்கு நாள்

முதல் நாள், சனி: பூண்டி

பெரம்பூரில் விடியற்காலைத் திருவள்ளூர் லோக்கல். நான் போய்ச் சேர்வதற்கு முன்பே மாமா பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தார். தோளில் துண்டு, கையில் ஒரு மஞ்சள் பை, பைக்குள் அவித்த பனங்கிழங்கு.

மாமாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பயணமே அவரால் வந்தது. அம்மாவின் அண்ணன். பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். லஸ்கர் என்றால் மதகில் ஷட்டரை ஏற்றி இறக்குகிறவர். மழைக்காலத்தில் கரையோரம் நடந்து எங்கே நண்டு வளை இருக்கிறது, எங்கே மண் கசிகிறது என்று பார்த்துச் சொல்கிறவர். முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வேலை, அதில் பெரும்பகுதி தாமரைப்பாக்கம் அணைக்கட்டில்.

போன ஐப்பசி மழையில் எங்கள் வீட்டு டிவியில் வெள்ள எச்சரிக்கை ஓடியது. பூண்டி ஏரி திறப்பு, கொசஸ்தலை ஆற்றங்கரை மக்கள் கவனமாக இருக்கவும் என்று சொல்லி, ஊர்ப் பெயர்களை வாசித்தார்கள். செய்தி வாசிப்பவருக்கு முன்னால் மாமா சொல்லிக்கொண்டே போனார்: நம்பாக்கம், கிருஷ்ணாபுரம், ஆட்ரம்பாக்கம், ஒதப்பை... கடைசியில் சடையான்குப்பம், எண்ணூர். "எண்ணூர்ல ஆறு கடல்ல சேர்ற இடம் எப்படி இருக்கும் மாமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நான் பார்த்ததில்லையேம்மா" என்றார். அத்தனை வருஷம் தண்ணீரைத் திறந்துவிட்டவர், அது போய்ச் சேரும் இடத்தைப் பார்த்ததே இல்லை. பொங்கல் முடிந்ததும் ஆற்றோடு நடப்பது என்று அன்றைக்கே முடிவு செய்தோம்.

ஆற்றின் நீளம் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். முழுதும் நடக்கப் போவதில்லை. மாமாவுக்கு அறுபத்தெட்டு வயது. நாளுக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர், வெயிலுக்கு முன் பாதி, வெயில் தாழ்ந்து பாதி, இரவு வீடு. நிலம் தட்டையாக இருப்பதால் முழங்கால் வலிக்காரர்களும் தாராளமாக வரலாம்.

திருவள்ளூரில் இட்லி சாப்பிட்டுப் பூண்டி பஸ் ஏறினோம். வழியெல்லாம் மாடுகளின் கொம்பில் புது பெயின்ட் இன்னும் மங்கவில்லை.

முதலில் ஊன்றீஸ்வரர் கோயில். திருவெண்பாக்கம் என்ற பாடல் பெற்ற தலம் இதுதான். ஏரி கட்டியபோது பழைய கோயில் இருந்த இடம் நீருக்குள் போய்விட்டதால், கோயிலை இங்கே பெயர்த்து வந்து கட்டினார்கள். திருவொற்றியூரில் சங்கிலியாரிடம் பிரியேன் என்று சத்தியம் செய்துவிட்டு, அதை மீறிக் கிளம்பிய சுந்தரருக்குக் கண் போனது. தட்டுத் தடுமாறி இங்கே வந்தவருக்கு இறைவன் கொடுத்தது ஓர் ஊன்றுகோல் மட்டும். கோபத்தில் அதை அவர் வீசியெறிய, நந்தியின் கொம்பு ஒடிந்ததாகச் சொல்வார்கள். ஒடிந்த கொம்போடு நந்தி இன்றும் இருக்கிறது. ஒற்றியூர் ஆற்றின் முகத்துவாரத்துக்குப் பக்கத்து ஊர். அவர் கடலோரத்திலிருந்து உள்நாட்டுக்கு வந்தார், நாங்கள் இங்கிருந்து கடலுக்குப் போகிறோம்.

அப்புறம் ஏரிக்கரை. எல்லோரும் ஏரி என்றுதான் சொல்கிறோம், ஆனால் இது ஆற்றின் குறுக்கே கட்டிய அணை. சத்தியமூர்த்தி சாகர். சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தி விடாப்பிடியாக நின்று வாங்கிய திட்டம். 1940-ல் வேலை தொடங்கி, உலகப் போரின் நடுவே 1944-ல் முடிந்தது. அவர் 1943-லேயே இறந்துவிட்டார். நகரம் தண்ணீர் குடித்ததை அவர் பார்க்கவில்லை. கரைமேல் ஒரு பகுதிவரைதான் அனுமதி. அங்கே நின்று பார்த்தாலே பதினாறு மதகுகளும் வரிசையாகத் தெரிகின்றன. இப்போது கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி, முழு உயரம் 35 அடி. தண்ணீர் கிட்டத்தட்ட விளிம்புவரை நின்றது. காற்றில் சின்னச் சின்ன அலை, கரையின் கருங்கல்லில் சளக் சளக் என்று சத்தம். வடக்கே ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து 177 கிலோமீட்டர் கால்வாயில் வரும் கிருஷ்ணா நீரும் 1996 முதல் இங்கேதான் சேர்கிறது.

தொல்லியல் துறையின் சிறிய அகழ்வைப்பகம் பூண்டியில் இருக்கிறது. நாங்கள் போனபோது வேறு யாருமே இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் கைக்கோடரிகள். உள்ளங்கை அளவில், ஒரு முனை கூராக, இரண்டு பக்கமும் செதுக்கிய குவார்ட்சைட் கற்கள். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் முதலில் பல்லாவரத்தில் ஒன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு இங்கே அதிரம்பாக்கத்தில் ஏராளமாகக் கண்டார். அங்கே பல ஆண்டுகள் அகழாய்வு செய்த சாந்தி பப்பு குழுவினர், மிகப் பழைய கருவிகளின் வயது ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டு என்று 2011-ல் வெளியிட்டார்கள். மேலடுக்கில் வேறு நுட்பத்தில் செய்த சிறிய கருவிகளுக்கு 3.85 லட்சம் ஆண்டு என்று 2018-ல் சொன்னார்கள். மாமா கண்ணாடிமேல் விரலை வைத்து, "இதுவும் பட்டறை வேலைதாம்மா. அடிச்ச எடம் பார், ஒண்ணுகூட வீணாப் போகல" என்றார். அவர் சொன்னது சரிதான். தொல்லியலில் ஒரே நுட்பத்தில் செய்த கருவித் தொகுதியை ஆங்கிலத்தில் 'இண்டஸ்ட்ரி', அதாவது தொழில், என்றுதான் சொல்கிறார்கள். இந்தப் பள்ளத்தாக்கின் முதல் தொழில் அதுதான்.

சாயங்காலம் அதிரம்பாக்கம் பக்கமாக நடந்தோம். வெள்ள எச்சரிக்கையில் வரும் ஆட்ரம்பாக்கம் அதே ஊர். தொல்லியல் இடத்துக்குள் போகவில்லை, ஓரமாக நின்று பார்த்தோம். செம்மண், கூழாங்கல், முள்மரம், நாலு ஆடு. பார்க்க ஒன்றுமே இல்லாத இடம். எனக்கு அங்கிருந்து கிளம்ப மனமில்லை. யாராவது போனால் தயவுசெய்து ஒரு கல்லைக்கூட எடுத்து வராதீர்கள். கிடந்த இடத்தில் கிடந்தால்தான் அதற்கு வயது சொல்ல முடியும்.

ஒதப்பையில் ஆற்றைக் கடந்தபோது இருட்டிவிட்டது.

இரண்டாம் நாள், ஞாயிறு: தாமரைப்பாக்கம்

இன்று மாமாவின் ஊர் என்றே சொல்லலாம். செங்குன்றத்திலிருந்து திருவள்ளூர் பஸ் பிடித்துத் தாமரைப்பாக்கம் கூட்டுரோட்டில் இறங்கினோம். டீக்கடைக்காரர் மாமாவைப் பார்த்ததும் சர்க்கரை இல்லாமல் டீ போட்டார். இத்தனை வருஷம் கழித்தும் நினைவு வைத்திருக்கிறார்.

அணைக்கட்டு பார்ப்பதற்கு எளிமையானது. ஆற்றின் குறுக்கே ஒரு தாழ்வான சுவர், அதன்மேல் ஷட்டர்கள், ஓரத்தில் கால்வாயின் தலைமதகு. ஒரு காலத்தில் சென்னை குடித்தது பெரும்பாலும் இந்த ஏற்பாட்டினால்தான் என்றால் நம்பக் கடினமாக இருக்கும். அதற்கு முன் நகரத்தில் கிணறுதான். கோட்டைக்கு 1772-ல் தோண்டிய கிணறுகளால்தான் ஏழுகிணறு என்ற பெயர் வந்தது. ஊர் பெருத்தபின் அது போதவில்லை. 1866-ல் ஃபிரேசர் என்ற பொறியாளர் ஒரு திட்டம் கொடுத்தார். கொசஸ்தலை ஆற்றைத் தாமரைப்பாக்கத்தில் தடுத்து, கால்வாய் வழியாகச் சோழவரம் ஏரிக்கும், அங்கிருந்து புழல் ஏரிக்கும் கொண்டுபோய், புழலிலிருந்து மண் கால்வாயிலேயே கீழ்ப்பாக்கம்வரை விடுவது. பம்ப் எதுவும் கிடையாது. நிலத்தின் சரிவு ஒன்றை நம்பியே செய்தது. 1872-ல் தண்ணீர் போய்ச் சேர்ந்தது.

வடிகட்டாத தண்ணீர் அது. அதைச் சரிசெய்ய இன்னும் 40 ஆண்டு ஆனது. மேட்லி என்ற பொறியாளர் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகளும் நீரேற்று நிலையமும் அமைக்க, 1914-ல் திறந்தார்கள். தி.நகர் மேட்லி ரோட்டில் தினமும் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

மாமா ஷட்டர் ஒன்றின் பக்கத்தில் நின்று காண்பித்தார். முன்பெல்லாம் கைப்பிடியைச் சுற்றித்தான் ஏற்ற வேண்டும். இரண்டு பேர் மாறி மாறிச் சுற்றுவார்கள். அடைமழையில், ராத்திரி, கையில் கிரீஸ் வழுக்கும். பூண்டியில் எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்று வயர்லெஸ்ஸில் தகவல் வரும். அதற்குத் தகுந்தாற்போல இங்கே கால்வாய்க்கு எவ்வளவு, ஆற்றுக்கு எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். "சோழவரம் கரை பழைய மண் கரை. அதுக்கு மேல ஏத்தினா தாங்காது. மிச்சத்தை ஆத்துல விட்டுத்தான் ஆகணும். விடும்போது கீழ இருக்கிற ஊரெல்லாம் மனசுல வரும்." அந்த ஊர்ப் பட்டியல் அவருக்கு மனப்பாடம் ஆனது அப்படித்தான். நான் அதுவரை அதை ஏதோ ஞாபகசக்தி என்று நினைத்திருந்தேன்.

கால்வாய்க் கரையோடு கிழக்கே நடந்தோம். மொத்த நடையில் இன்றைய காலைதான் எனக்குப் பிடித்தது. ஒரு பக்கம் தெளிந்த தண்ணீர், மறுபக்கம் நெல் கதிர் வாங்கி நிற்கிறது. கரையில் வேம்பும் பனையும் இருப்பதால் பத்து மணிவரை நிழல் கிடைக்கிறது. மீன்கொத்தி ஒன்று மின்கம்பி விட்டு மின்கம்பி எங்களோடேயே வந்தது. ஒரு வீட்டு வாசலில் மல்லி அரும்பு கட்டிக்கொண்டிருந்த பாட்டி, "எங்க நடந்தே போறீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மோர் கொண்டுவந்தார்.

ஆனால் இந்த வயல்களுக்குக் கீழேயும் ஒரு கதை இருக்கிறது. ஆற்று மணலுக்கு அடியில் நல்ல ஊற்று. தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, மீஞ்சூர் வரிசையில் குடிநீர்க் கிணறுகள் போட்டு நகரத்துக்கு எடுத்தார்கள். வறண்ட ஆண்டுகளில் விவசாயிகளின் கிணற்று நீரும் விலைக்குப் போனது. எடுத்த அளவுக்கு மழை திருப்பித் தரவில்லை. மீஞ்சூர்ப் பக்கம் கடல் உப்பு நிலத்தடியில் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே வந்துவிட்டது. அங்கே கிணற்று நீரில் பருப்பு வேகாது என்றார் மாமா. எங்கள் வீட்டுக் குழாயைத் திருகும்போது இந்தப் பாட்டியின் கிணறு ஒருநாளும் என் நினைவுக்கு வந்ததில்லை. அது எனக்கு உறுத்தியது, எழுதும் இப்போதும் உறுத்துகிறது.

மதியத்துக்கு மேல் செங்கல் சூளைகள் தொடங்கிவிட்டன. புகை, டிராக்டர். அங்கே பஸ் ஏறிவிட்டோம்.

மூன்றாம் நாள், திங்கள்: சோழவரம், செங்குன்றம்

நடக்க வருகிறவர்களுக்கு நேராகவே சொல்கிறேன், இன்றைய பகுதியை விட்டுவிடலாம். நெடுஞ்சாலை, லாரி, தூசி. சோழவரம் ஏரிக்கரை மட்டும் அழகு, 1,081 மில்லியன் கன அடி பிடிக்கும். பக்கத்தில்தான் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம். போருக்குப் பின் அதில்தான் மோட்டார் பந்தயங்கள் நடந்தன. மாமா சின்ன வயதில் மரத்தில் ஏறி உட்கார்ந்து பார்த்திருக்கிறாராம்.

செங்குன்றத்துக்குள் நுழைந்ததும் நெல் அவிக்கிற வாசனை. அரிசி ஆலைகளும் மண்டிகளும் நிறைந்த ஊர். அந்த வாசனைக்கே பசித்துவிட்டது.

எனக்கு இங்கே ஒரே ஒரு விஷயம்தான் வேண்டியிருந்தது. ஊருக்குப் பெயர் கொடுத்த செம்புறாங்கல். மதராஸ் சாலைகளுக்குப் போட இந்தக் கல்லைத்தான் வெட்டினார்கள். அதைச் சிந்தாதிரிப்பேட்டைவரை கொண்டுபோக 1837 வாக்கில் இரும்புத் தண்டவாளம் போட்டார்கள். காவிரியிலும் கோதாவரியிலும் அணைகட்டிய அதே ஆர்தர் காட்டனுக்கு இதில் பங்குண்டு. நீராவி இயந்திரமும் ஓட்டிப் பார்த்தார்கள், பெரும்பாலும் மாடும் குதிரையும்தான் இழுத்தன. பம்பாயிலிருந்து தாணாவுக்குப் பயணிகள் ரயில் விட்டது 1853-ல். அதற்கு ஏறக்குறைய 16 ஆண்டு முன்பே இங்கே தண்டவாளம் கிடந்திருக்கிறது. இன்று ஒரு துண்டுகூட இல்லை, ஒரு பலகைகூட இல்லை. இந்த இடத்தில் பள்ளிப் பிள்ளைகள் நின்று படிக்கிற மாதிரி ஒரு கல் நட வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன்.

புழல் கரையிலிருந்து நீருக்குள் நிற்கும் ஜோன்ஸ் கோபுரம் தெரிந்தது. ஏரியிலிருந்து நகரத்துக்கு நீர் எடுக்கும் பழைய கோபுரம். சாயங்கால வெளிச்சத்தில் அதைச் சுற்றி நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தன. 3,300 மில்லியன் கன அடி ஏரி, அமைதியாகக் கிடந்தது. அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம்.

நான்காம் நாள், செவ்வாய்: எண்ணூர்

எண்ணூர் ஸ்டேஷனில் இறங்கும்போது மணி ஆறு. காட்டுக்குப்பம் வழியாகக் கழிமுகம் நோக்கி நடந்தோம். மாமா வழக்கத்தைவிட வேகமாக நடந்தார்.

முதலில் பக்கிங்ஹாம் கால்வாய் வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதராஸிலிருந்து எண்ணூர்வரை தனியார் வெட்டிய கால்வாய்தான் இதற்கு ஆரம்பம். கொக்ரேன் கால்வாய் என்று பெயர். பின்னால் வடக்கே நீட்டினார்கள். 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில், நிவாரண வேலையாக, பட்டினி கிடந்த மக்களைக் கூலிக்கு வைத்து நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை வெட்டினார்கள். அப்போதைய கவர்னர் பெயர் கால்வாய்க்கு வந்தது. வெட்டியவர்கள் பெயர் எதிலும் இல்லை. உப்பும் சவுக்கு விறகும் இதன் வழியாகப் படகில் நகரத்துக்குள் போயின. 1965, 66 புயல்களுக்குப் பின் படகுப் போக்குவரத்து நசிந்தது.

மிச்சமிருக்கும் உப்பளப் பாத்திகள் ஒரு பக்கம். தூரத்தில் அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகள். 1970-களில் வந்த எண்ணூர் அனல்மின் நிலையம் 450 மெகாவாட், 2017-ல் மூடப்பட்டது. வடசென்னை நிலையமும் வல்லூர் நிலையமும் ஓடுகின்றன. நான் இந்த மின்சாரத்தில்தான் இதை எழுதுகிறேன், அது தெரியும். ஆனாலும் அந்த மண்ணைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. ஓடையின் ஓரமெல்லாம் சாம்பல். காலை வைத்தால் சிமென்ட் குழம்பு மாதிரி அமுங்குகிறது. சாம்பலைக் கரைத்துக் குழாயில் கொண்டுபோகும்போது கசிந்து கசிந்து ஆற்றின் ஆழமே குறைந்துவிட்டது என்கிறார்கள் இங்கே உள்ளவர்கள். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படிந்த கறை சில சுவர்களில் இன்னும் கறுப்பாக இருக்கிறது.

அந்தச் சேற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் நான்கைந்து பேர் இருந்தார்கள். ஆணும் பெண்ணும், வலை கிடையாது. வாயில் கவ்விய ஓலைப் பறி. இரண்டு கையாலும் அடியைத் தடவித் தடவி இறாலைப் பிடித்துப் பறியில் போடுகிறார்கள். விரல்தான் கண். நான் முதல் நாள் பார்த்த கைக்கோடரி நினைவுக்கு வந்தது.

அப்புறம் முகத்துவாரம்.

நான் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அங்கே கடலும் ஆறும் சேரும் இடம் அகலமாகத் திறந்து, பச்சை நிற அலை உள்ளே ஏறி வந்துகொண்டிருந்தது. மேலே பருந்துகள். மணல் திட்டில் படகுகள். மாமா செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் நனையும்வரை போய் நின்றார். ஒன்றும் பேசவில்லை. குனிந்து கொஞ்சம் தண்ணீர் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்புதான் இப்போ. கடல் ஏத்தம்" என்றார் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர். மாமா வயதுதான் இருக்கும். மாமா தன்னைப் பற்றிச் சொன்னார். தாமரைப்பாக்கம், லஸ்கர், ஷட்டர். பெரியவர் வலையைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"2015 டிசம்பர்ல அங்க இருந்தீங்களா?"

"இருந்தேன். அன்னிக்கு ராத்திரி முழுக்க நான்தான்."

"அந்தத் தண்ணி எங்க வீட்டுக்குள்ள வந்துச்சு. கடல் வரும்னு பார்த்துக்கிட்டு இருந்தோம், ஆறு பின்னால வந்துச்சு."

மாமா தலைகுனிந்தார். "விடாம இருந்தா சோழவரம் கரை போயிருக்கும்யா" என்று மெதுவாகச் சொன்னார். பெரியவர் கோபப்படவில்லை. "தெரியும். திறக்காட்டா எங்களுக்கு மட்டும் பிழைப்பா? மழைத்தண்ணி வந்து ஆத்து வாயைக் கழுவி விட்டாத்தான் அடுத்த மாசம் இறாலு. வராத வருஷம் வாய் மணல் மூடிக்கும். நீங்க கொஞ்சம் முன்னாடியே சொல்லி அனுப்புங்க, அவ்வளவுதான் வேணும்."

இரண்டு பேரும் படகு நிழலில் உட்கார்ந்தார்கள். மஞ்சள் பையிலிருந்து கடைசிப் பனங்கிழங்கு வெளியே வந்தது. வெள்ளம் வந்த வழியைப் பெரியவர் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார், எங்கள் டிவிக்கு எதிர்த்திசையில், கீழிருந்து மேலாக. "சடையான்குப்பம், மணலி புதுநகர், இடையான்சாவடி, நாப்பாளையம், வெள்ளிவாயல், சீமாவரம்..." அங்கே நின்றார். அதற்கு மேல் அவர் போனதில்லை.

"மடியூர்" என்றார் மாமா. "அசூவன்பாளையம், வன்னிப்பாக்கம், கன்னிப்பாளையம்..." என்று தொடர்ந்து, அணைக்கட்டைத் தாண்டி, மெய்யூர் தாண்டி, நம்பாக்கம்வரை சொல்லி முடித்தார். பெரியவர் ஒவ்வொரு பெயருக்கும் தலையாட்டிக்கொண்டே கிழங்கின் நாரை உரித்துக்கொண்டிருந்தார்.